நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவில் சிமென்ட் தரை: சொந்தமாக நிறத்தட்டு அமைப்பது எப்படி?

#1 நள்ளிரவு நிரலன்

வணக்கம். இரண்டு மாதமாக பி5.ஜேஎஸ்-இல் (நிரல் எழுதிப் படம் வரையும் கருவி) மேண்டல்பிராட் வரைந்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்து, எத்தனை சுற்றில் எண் எல்லை தாண்டித் தப்புகிறது என்பதை நிறமாக்கும் படம் அது. கணக்கு சரியாக வருகிறது. நிறத்தில்தான் அடி வாங்குகிறேன்.

ஒரு முனையில் சுத்த நீலம் (0, 0, 255; சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசை, 255 உச்சம்), மறுமுனையில் சுத்த மஞ்சள் (255, 255, 0) வைத்தேன். நடுவில் இருப்பதை லெர்ப்கலர் கட்டளை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு கொழுத்த நிறங்களைக் கொடுத்தால் நடுவில் நமக்குக் கிடைப்பது சிமென்ட் தரை. சந்தேகம் வந்து எண்ணைப் பார்த்தேன்: 128, 128, 128. சாம்பலேதான்.

அப்புறம் இன்னொன்று. என் உண்மையான ஆசை நீலமும் மஞ்சளும் இல்லை. அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலை ஒன்று வீட்டில் இருக்கிறது. கடுகு மஞ்சள் உடம்பு, அரக்குக் கரை, நடுவே கறுப்புக் கட்டம். அந்த நிறங்களில் ஒரு மேண்டல்பிராட் போட்டு, அச்சடித்து, சட்டம் போட்டு மாட்ட வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

#2 வேகக்கை

ரொம்ப சுலபம். ஆர்ஜிபி-யில் (சிவப்பு, பச்சை, நீல எண்களில்) கலக்காதீர்கள், எச்எஸ்எல்-க்கு (நிறவட்டக் கோணம், செறிவு, வெளிச்சம் என்று எழுதும் முறைக்கு) மாறுங்கள். நிறவட்டத்தில் சுற்றிப் போனால் சாம்பல் வராது.

#3 தூறல்

//நிறவட்டத்தில் சுற்றிப் போனால் சாம்பல் வராது//

சாம்பல் வராது, சரி. வேறொன்று வரும். நீலம் வட்டத்தில் 240 டிகிரி, மஞ்சள் 60. நேரெதிர். எந்தப் பக்கமாகப் போவது? ஒரு பக்கம் போனால் பச்சை, இன்னொரு பக்கம் போனால் சிவப்பு. இரண்டுமே அவர் கேட்காத நிறங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், எச்எஸ்எல் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்வது பொய். அதன் கணக்கில் சுத்த நீலத்துக்கும் சுத்த மஞ்சளுக்கும் வெளிச்சம் ஒன்றே, இரண்டும் 50 விழுக்காடு. கண்ணைக் கேளுங்கள். திரையில் வெள்ளையின் ஒளிர்வு 100 என்றால் பச்சையின் பங்கு 71.5, சிவப்பு 21.3, நீலம் வெறும் 7.2. மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, ஆகவே ஏறக்குறைய 93. ஏழையும் தொண்ணூற்று மூன்றையும் ஒரே தட்டில் வைக்கும் தராசை நம்பி எப்படி நிறம் நிறுப்பது? பச்சைப் பக்கமாகப் போனால் வெளிச்சம் நடுவில் ஏறி, சற்று இறங்கி, மறுபடி ஏறும். படத்தில் இல்லாத கோடுகள் இருப்பதுபோல் தெரிவது அதனால்தான்.

#4 வேகக்கை

அப்படியானால் காமாவை (திரைக்காக நிற எண்களில் ஏற்றியிருக்கும் வளைவை) நீக்கி, நேர்கோட்டு ஒளியில் கலக்கச் சொல்லுங்கள். அதுதானே இயற்பியல்படி சரி.

#5 தூறல்

இயற்பியல்படி சரிதான். சிவப்பையும் பச்சையையும் அப்படிக் கலந்தால் 128, 128, 0 என்ற அழுக்குப் பச்சைக்குப் பதில் 188, 188, 0 என்று பளிச்சென வரும். ஆனால் இந்த நண்பரின் நீலம், மஞ்சளுக்குப் போட்டுப் பாருங்கள். 188, 188, 188. கொஞ்சம் வெள்ளையடித்த சிமென்ட் தரை. :)

இவருக்குத் தேவை கண் உணரும்படி அளக்கும் ஒரு முறை. 1976-லேயே சிஐஇ லேப் வந்துவிட்டது, ஆனால் அதில் நீலம் வெளுக்கும்போது ஊதாவுக்குச் சாயும். 2020 டிசம்பரில் பியோர்ன் ஒட்டோசன் ஓகேலேப் என்ற முறையை வெளியிட்டார். கணக்கு சின்னது, இரண்டு அணிப் பெருக்கலும் ஒரு கனமூலமும்தான். அதில் அதே நீலத்தையும் மஞ்சளையும் பாதிக்குப் பாதி கலந்தால் 108, 172, 199 அளவில் ஒரு மங்கிய கடல்நீலம் வரும். உயிருள்ள நிறம்.

ஆர்வத்தில் ஓகேஎல்சிஎச், அதாவது அதன் வட்ட வடிவத்துக்கு ஓடாதீர்கள். அங்கே நடுவில் விழும் நிறம் சாதாரணத் திரை காட்டக்கூடிய எல்லைக்கு வெளியே இருக்கும். உலாவி அதை எல்லைக்குள் இழுத்து வரும்போது கிரேடியன்டில் (நிறம் படிப்படியாக மாறும் பட்டையில்) ஒரு முடிச்சு விழும்.

#6 ஊடும்பாவும்

நான் நிரலன் இல்லை, தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தூறல் அக்கா சொன்ன 128, 188 சமாசாரத்தை எங்கள் வீட்டில் வேறு விதமாகப் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

மயில்கழுத்து நிறப் பட்டு தெரியும் இல்லையா? அந்தச் சேலையில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு நூல்கூடக் கிடையாது. பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம். நீலமும் பச்சையும் என்று வையுங்கள். நூல் அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் கண்தான் கலந்துகொள்கிறது. திரும்பினால் ஒன்று தூக்கலாகத் தெரியும், மடித்தால் மற்றது.

இதைத் திரையில் சோதித்துப் பார்த்தேன். ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று சதுரங்கப் பலகை மாதிரி ஒரு கட்டம் போட்டேன். பக்கத்தில் 128 சாம்பல் ஒரு கட்டம், 188 சாம்பல் ஒரு கட்டம். ஆறடி தள்ளி நின்று பார்த்தால் சதுரங்கப் பலகை 188-உடன் ஒட்டிப்போகிறது, 128 தனியே இருட்டாக நிற்கிறது. (படத்தை 100 விழுக்காட்டில் வைத்துப் பாருங்கள். கைபேசியில் சுருக்கினால் கணக்கு கெட்டுவிடும்.)

ஆகவே நிரலன் தம்பிக்கு என் யோசனை: எல்லாவற்றையும் கிரேடியன்டாகக் குழைக்க வேண்டியதில்லை. பாவும் ஊடையும் போல இரண்டு நிறத்தை ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல் வைத்துப் பாருங்கள்.

#7 பழைய பென்டியம்

இந்த இழையைப் படித்ததும் ஃபிராக்டிண்ட் ஞாபகம் வந்துவிட்டது. மேண்டல்பிராட் போன்ற படங்கள் வரையும் டாஸ் காலத்து மென்பொருள். விஜிஏ அட்டையில் மொத்தம் 2,62,144 நிறம் உண்டு, ஆனால் ஒரே நேரத்தில் 256-தான் திரைக்கு வரும். பேலட் (நிறத்தட்டு) என்பது ஒரு மேப் கோப்பு: 256 வரி, வரிக்கு மூன்று எண். நோட்புக்கில் பென்சிலால் எழுதி, பிறகு தட்டச்சு செய்வோம். அந்தக் கோப்பை ஃபிளாப்பியில் நண்பர்களுக்குக் கொடுத்த ஆள் நான்.

ஒரு படம் முடிய அரை மணி நேரம் ஆகும். முடிந்ததும் நிறச் சுழற்சியை ஓட விடுவோம். படத்தை மறுபடி கணக்கிடாது, அந்த 256 வரிதான் நகரும். கண்ணெதிரே படம் மூச்சு விடுவது போல இருக்கும். அப்போது புரிந்த ஒன்றுதான் இன்றைக்கும் என் பிழைப்பு. சில மேப் கோப்புகள் எவ்வளவு சுழன்றாலும் அழகு குறையாது. சிலவற்றில் ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினால் மட்டும் படம் நிற்கும். நல்ல மேப் எல்லாவற்றிலும் ஒன்று பொதுவாக இருந்தது. கறுப்பு வெள்ளை மானிட்டரில் போட்டாலும் படம் புரியும்.

தம்பி, முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். இருட்டும் வெளிச்சமும் எந்த வரிசையில், எவ்வளவு தூரத்தில் என்று ஏணி கட்டுங்கள். சாயம் அப்புறம் பூசலாம்.

இணையத்தில் எல்லோரும் மேண்டல்பிராட் என்றாலே பார்ப்பது அல்ட்ரா ஃபிராக்டல் மென்பொருளின் அந்த நீலம், வெள்ளை, ஆரஞ்சு, கறுப்புப் படம்தானே? அதன் கிரேடியன்டை 400 இடமாகப் பிரித்திருக்கிறார்கள். எண்களைப் பாருங்கள்:

0-இல் கருநீலம் (0, 7, 100)
64-இல் நீலம் (32, 107, 203)
168-இல் வெண்மை (237, 255, 255)
257-இல் ஆரஞ்சு (255, 170, 0)
343-இல் ஏறக்குறையக் கறுப்பு (0, 2, 0)

ஐந்தே நிறம். சாயத்தை மூடிவிட்டுப் பார்த்தால் இருட்டு, நடு, உச்சி, இறக்கம், இருட்டு. ஒரு மலை. இடைவெளியும் சமமில்லை: 64, 104, 89, 86, கடைசியில் 57. எண்பது எண்பதாகச் சமமாக வெட்டியிருந்தால் பாய் விரித்த மாதிரி சப்பென்று இருந்திருக்கும்.

#8 வரைபடக்காரி

வெளிச்ச ஏணிதான் வேண்டும் என்றால் ஏன் இவ்வளவு சுற்றுகிறோம்? விரிடிஸ் என்ற ஆயத்தப் பேலட் இருக்கிறதே. 2015-இல் ஸ்டெஃபான் வான் டெர் வால்ட்டும் நேத்தனியல் ஸ்மித்தும் செய்தது, மேட்பிளாட்லிப் (பைத்தானில் வரைபடம் போடும் நிரலகம்) 2.0-இலிருந்து அதுதான் இயல்புநிலை. கருஊதாவிலிருந்து மஞ்சள் வரை வெளிச்சம் ஒரே சீராக ஏறும். நிறக்குருடு உள்ளவர்களுக்கும் பொருந்தும். எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

#9 பழைய பென்டியம்

அம்மா, அது தரவு காட்டச் செய்தது. அதன் நேர்மையே, எந்த எண்ணையும் தூக்கிக் காட்டாததுதான். படத்துக்கு அந்த நேர்மை ஆகாது. எங்காவது ஒரு இடத்தில் கண் போய் முட்ட வேண்டும்.

#10 வரைபடக்காரி

முட்ட வைக்கிறேன் என்று சொல்லித்தான் பத்து இருபது வருடம் ஜெட் என்ற வானவில் பேலட்டைப் போட்டு, மருத்துவப் படத்திலிருந்து வானிலைப் படம் வரை இல்லாத விளிம்புகளைக் காட்டினார்கள். கலைக்கு விதிவிலக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்த இடத்தில் பொய் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்ல வேண்டும்.

#11 மஞ்சள்குருவி

நடுவில் குறுக்கிடுகிறேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வராது. சின்ன வயதில் பழுத்த மிளகாயையும் காயையும் ஒரே கூடையில் போட்டுத் திட்டு வாங்கியவன். பென்டியம் சார் சொன்ன ஏணி இருக்கும் படங்கள்தான் எனக்குப் படமாகவே தெரிகின்றன. மற்றவை பாசி. நண்பர்கள் "எவ்வளவு வண்ணமயம்!" என்று அனுப்பும் பலதும் எனக்கு ஒரே கஞ்சி.

அவ்வளவுதான். தொடருங்கள்.

#12 நள்ளிரவு நிரலன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு பூராவும் சேலையோடு மல்லுக்கட்டினேன். நடந்ததைச் சொல்கிறேன்.

சேலையைக் கட்டிலில் போட்டு, டியூப்லைட் வெளிச்சத்தில் படம் எடுத்தேன். கே-மீன்ஸ் (ஒத்த நிறங்களைக் குழுவாக்கிச் சராசரி எடுக்கும் கணக்கு) கொண்டு ஐந்து நிறம் எடு என்றேன். வந்தவை: மஞ்சள், கொஞ்சம் இருட்டான மஞ்சள், இன்னும் இருட்டான மஞ்சள், பழுப்பு, கறுப்பு. அரக்கு எங்கே? காணோம். சேலையைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவதே அந்த அரக்குதான். ஐந்தை எட்டாக்கினேன். மஞ்சள் ஆறாக வந்தது.

என் நிரலில் பிழையா?

#13 தூறல்

பிழை இல்லை. கே-மீன்ஸுக்குப் பரப்பளவு மட்டும்தான் தெரியும். கட்டிலில் விரித்த படத்தில் உடம்புதான் பெரும்பகுதி, கரை ஒரு ஓரம். அது பத்துப் பிக்சல் மஞ்சளுக்குள் நுணுக்கம் பார்க்கும், ஒரு பிக்சல் அரக்கைப் பழுப்போடு சேர்த்து அரைத்துவிடும். கண்ணை இழுக்கும் நிறத்தை எப்போதும் கையால்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் அந்த மூன்று மஞ்சளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! அவைதான் புதையல். நீங்களாக மஞ்சளின் வெளிச்சத்தைக் குறைத்தால் வருவது அழுக்கு மஞ்சள். துணியின் மடிப்புக்குள் மஞ்சள் இருளும்போது அப்படி இருளாது, ஒரு மடிப்பிலிருந்து இன்னொரு மடிப்புக்கு அதே நிறம் பட்டுத் தெறித்துச் செம்பழுப்பாகப் போகும். உங்கள் ஏணியின் படிகளை மடிப்பு நிழல் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது.

ஒரு வேண்டுகோள்: டியூப்லைட் வேண்டாம். காலை ஒன்பது மணி வாக்கில் ஜன்னலோரம், நேர்வெயில் படாமல், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து எடுங்கள். அந்தத் தாள் படத்தில் வெள்ளையாகத் தெரியும் வரை சரிசெய்துவிட்டு நிறம் எடுங்கள்.

#14 வேகக்கை

சேலை வேண்டாம், சூத்திரம் போதும் என்கிறவர்களுக்கு ஒன்று. இன்யிகோ கீலெஸ் என்ற வரைகலை நிரலாளர் பரப்பிய கோசைன் முறை. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் (சிவப்பு, பச்சை, நீலம்) ஒரே வரி:

நிறம் = அ + ஆ × கோசைன்( 2 × பை × (இ × இடம் + ஈ) )

'இடம்' என்பது 0 முதல் 1 வரை. வரும் நிறத்தை 255-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். அ, ஆ இரண்டும் 0.5, இ 1 என்று வைத்துவிட்டு 'ஈ'யை மட்டும் சிவப்புக்கு 0, பச்சைக்கு 0.1, நீலத்துக்கு 0.2 என்று தள்ளிப் பாருங்கள். தொடக்கத்தில் 255, 231, 167 என்ற பாலேடு. கால்வாசியில் 128, 53, 6 என்ற பழுப்பு. பாதியில் 0, 24, 88 என்ற நள்ளிரவு நீலம். முக்காலில் 128, 202, 249 என்ற வான்நீலம். மறுபடி பாலேடு. முனையும் முனையும் தானாக ஒட்டிக்கொள்ளும், மேண்டல்பிராட் மாதிரி சுழலும் பேலட்டுக்குத் தையல் தெரியாது. மூன்று எண்ணை மாற்றினால் புதுப் பேலட். இந்த முறை என்னை யாரும் திருத்த மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

#15 தூறல்

திருத்த ஒன்றுமில்லை, நல்ல வழி. :) மூன்றுக்கும் 'ஈ' அருகருகே இருப்பதால் வெளிச்சம் சேர்ந்தே ஏறி இறங்குகிறது, அதனால்தான் அது அழகு. 0, 0.33, 0.67 என்று சமமாகத் தள்ளினால் மறுபடி வானவில்தான்.

#16 பழைய பென்டியம்

நிரலன் தம்பி, இன்னும் இரண்டு விஷயம் கேட்க மறந்தேன். சுற்று எண்ணிக்கையை முழு எண்ணாகவே நிறத்துக்குக் கொடுக்கிறீர்களா? கொடுத்தால் எவ்வளவு நல்ல பேலட்டும் வெங்காயம் நறுக்கிய மாதிரி வளையம் வளையமாகத்தான் தெரியும். எண்ணிக்கையோடு 1 கூட்டி, அதிலிருந்து இசட்டின் (சுற்றில் மாறிக்கொண்டே வரும் எண்ணின்) அளவின் லாகுக்கு மறுபடி லாக் எடுத்து 2-இன் லாகால் வகுத்ததைக் கழியுங்கள். பின்னம் வரும், வளையம் கரையும். தப்பிக்கும் எல்லையை 2-இல் வைக்காமல் 256 போல் பெரிதாக வைத்தால் இன்னும் வழவழப்பு.

அடுத்து, அந்த எண்ணை அப்படியே பேலட் மேல் நீட்டாதீர்கள். பெரும்பாலான பிக்சல்கள் சில சுற்றுகளிலேயே தப்பிவிடும், விளிம்பை ஒட்டியவைதான் ஆயிரக்கணக்கில் சுற்றும். நேராக நீட்டினால் பேலட்டின் முக்கால்வாசி யாரும் பார்க்காத விளிம்புக்குப் போய்விடும். வர்க்கமூலமோ லாகோ எடுத்துப் பரப்புங்கள்.

#17 ஊடும்பாவும்

தறியிலும் இதே கதைதான். எந்த நிறம் என்று கேட்பதற்கு முன் எத்தனை இழை என்றுதான் பாவு ஓட்டுகிறவர் கேட்பார். நிறத்தை மட்டும் ஐந்து சதுரமாகச் சமமாக அடுக்கி "இதோ பேலட்" என்று இணையத்தில் போடுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு நூல்கடை ஞாபகம்தான் வரும். நூல்கடையைச் சேலை என்று கட்ட முடியுமா?

#18 தூறல்

சபாஷ். டைலர் ஹாப்ஸ் என்ற கலைஞர் நிரலால் வரைந்த ஃபிடென்சா (2021, மொத்தம் 999 படங்கள்) பாருங்கள். அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நிகழ்தகவு உண்டு. சில நிறம் அடிக்கடி வரும், சில அத்தி பூத்தாற்போல. அந்த அபூர்வ நிறம் வந்த இடத்தில்தான் கண் நிற்கும்.

#19 நள்ளிரவு நிரலன்

காலை ஒன்பது மணி, ஜன்னல், வெள்ளைத் தாள், எல்லாம் செய்தேன். ஆறு நிறமும் கையால் எடுத்தவை. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு:

கட்டத்தின் கறுப்பு 24, 16, 18
ஆழ்மடிப்பு 58, 34, 20
அரக்கு 128, 28, 34
மடிப்பு நிழல் 122, 78, 18
கடுகு மஞ்சள் 201, 148, 32
வெளிச்சம் பட்ட மேடு 240, 212, 140

வரிசைப்படுத்தும்போது ஒன்று கவனித்தேன். அரக்கு எனக்கு எப்போதும் பளிச்சென்ற நிறமாகத்தான் மனசில் இருந்தது. கறுப்பு வெள்ளையாக்கினால் ஆழ்மடிப்புக்கும் மடிப்பு நிழலுக்கும் நடுவே போய்ப் பதுங்கிவிடுகிறது!

பென்டியம் சார் முறையில் 400 இடம். கறுப்பு 0, ஆழ்மடிப்பு 60, அரக்கு 96 முதல் 104 வரை மட்டும், மடிப்பு நிழல் 130, கடுகு 240, மேடு 330. அங்கிருந்து 400-க்குள் மறுபடி கறுப்புக்குச் செங்குத்தாக இறக்கம். இடையில் கலப்பது ஓகேலேபில். பின்னச் சுற்று, வர்க்கமூலம் இரண்டும் சேர்த்தாகிவிட்டது.

படம் இணைத்திருக்கிறேன். மேட்டிலிருந்து கறுப்புக்கு விழும் இடத்தில் ஜரிகை ஓரம் மாதிரி ஒரு விளிம்பு தானாக வந்திருக்கிறது. நான் திட்டமிடவில்லை.

#20 மஞ்சள்குருவி

எனக்குப் படம் தெரிகிறது. அந்த எட்டு இட அரக்கு எனக்குப் பழுப்புதான், ஆனால் அங்கே ஒரு கோடு ஓடுகிறது என்று தெரிகிறது.

#21 மைப்பெட்டி

சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை. அச்சடிக்கப் போவதாகச் சொன்னதால் வருகிறேன். முதல் பதிவில் இருந்த சுத்த நீலத்தோடு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். நான்கு மையில் அந்த நீலம் வராது, கத்திரிப்பூ நிறமாக விழும். கடுகும் அரக்கும் மைக்கு ஏற்ற நிறங்கள், கவலை இல்லை.

பிரச்சினை உங்கள் இருட்டுப் படிகளில். தாளில் மை பரவும், புள்ளி கொழுக்கும். கறுப்பும் ஆழ்மடிப்பும் திரையில் வேறாகத் தெரிந்தாலும் தாளில் ஒட்டிப்போகும். ஆழ்மடிப்பை இன்னும் கொஞ்சம் மேலே தூக்குங்கள். மேப்லித்தோ (பூச்சில்லாத) தாள் என்றால் இன்னும் அதிகமாகத் தூக்க வேண்டும், ஆர்ட் பேப்பர் தாங்கும். அடிக்கப் போகும் அதே தாளில் ஒரு சின்னத் துண்டு சோதனை எடுக்காமல் பெரிய அளவுக்குப் போகாதீர்கள்.

#22 நள்ளிரவு நிரலன்

ஆழ்மடிப்பை 76, 46, 28 ஆக்கிவிட்டேன் அண்ணே. மற்றதைத் துண்டு சோதனை பார்த்து முடிவு செய்கிறேன்.

இதற்கிடையில் அப்பத்தாவிடம் கைபேசியில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தது. "உடம்பெல்லாம் சரிடா, கரை எங்கே?" என்றது.

எட்டு இடம் கரைக்குப் பற்றாது போல. கண்டாங்கிக் கரை அகலம், நான்தான் ஐந்து சதுரப் புத்தியில் ஒரு கோடாக்கிவிட்டேன். இதுவரை மேண்டல்பிராட்டின் உள்பகுதியை, அந்தத் தப்பாத பகுதியை, எல்லோரையும் போலக் கறுப்பாகவே விட்டிருந்தேன். அதை அரக்காக்கிப் பார்த்தேன். கோடும் இருக்கிறது, கரையும் வந்துவிட்டது. இரண்டாவது படம் அதுதான்.

#23 ஊடும்பாவும்

அப்பத்தா சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

#24 மைப்பெட்டி

இரண்டாவதையே அனுப்புங்கள் தம்பி. ஜேபெக்காக வேண்டாம், பிஎன்ஜி அல்லது டிஃப். ஜேபெக் நிறத்தை வெளிச்சத்தைவிடக் குறைந்த நுணுக்கத்தில்தான் சேமிக்கும், அந்த எட்டு இட அரக்குக் கோடு மஞ்சளில் கலங்கிவிடும்.